விமானமேறும் முன் நீங்கள் சந்திக்கும் சீருடைக்காரர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு விமான நிறுவனத்தின் செக்-இன் கவுன்ட்டரில் சில வருடம், பிறகு அதே நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவில் சில வருடம் வேலை பார்த்தேன். இப்போது வேறு தொழில். ஆனாலும் கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் முதல் தம்பியின் மாமனார் வரை எல்லாரும் என்னிடம் ஏர்போர்ட் கேள்விதான் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். இந்திய விமான நிலையங்களையும் நிறுவனங்களையும் மனதில் வைத்துச் சொன்ன பதில்கள் இவை. வெளிநாட்டுச் சம்பவங்கள் வரும் இடங்களில் அதைச் சொல்லியிருக்கிறேன்.

என்னைத் தடவிச் சோதிப்பவர் விமான நிறுவனத்து ஆளா?

இல்லை. காக்கி உடையில் கையில் டிடெக்டரோடு நிற்பவர் மத்திய தொழிலகப் பாதுகாப்புப் படையைச் சேர்ந்தவர், அதாவது சி.ஐ.எஸ்.எஃப். முன்பு இந்த வேலையை அந்தந்த மாநிலப் போலீஸ் பார்த்தது. 1999 டிசம்பர் 24 அன்று காத்மாண்டுவிலிருந்து டெல்லிக்குக் கிளம்பிய இந்தியன் ஏர்லைன்ஸ் ஐ.சி. 814 கடத்தப்பட்டு கந்தஹார் வரை போனது நினைவிருக்கும். அதன் பிறகு 2000 பிப்ரவரியில் ஜெய்ப்பூரில் தொடங்கி ஒவ்வொரு விமான நிலையமாக சி.ஐ.எஸ்.எஃப். கைக்கு மாறியது.

விதிகளை எழுதுவது பி.சி.ஏ.எஸ். என்கிற சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம். டி.ஜி.சி.ஏ. என்கிற சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் வேறு. எஞ்சின் பழுதில்லாமல் இருப்பதும் விமானி தூக்கக் கலக்கத்தில் இல்லாமல் இருப்பதும் டி.ஜி.சி.ஏ. கவலை. பெட்டியில் குண்டு இல்லாமல் இருப்பது பி.சி.ஏ.எஸ். கவலை. தமிழில் இரண்டுக்கும் சேர்த்துப் 'பாதுகாப்பு' என்று ஒரே சொல்தான் இருக்கிறது. இதைக் குறை என்று நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

அப்படியானால் விமான நிறுவனத்துக்கு என்ன வேலை?

உங்கள் கண்ணில் படாத வேலை எல்லாம். கவுன்ட்டரில் நீங்கள் ஒப்படைக்கிற பெட்டியை எக்ஸ்-ரேயில் பார்ப்பது, அந்தப் பெட்டிக்கு உரியவர் உண்மையில் ஏறினாரா என்று சரிபார்ப்பது, சாப்பாட்டு வண்டிக்கு சீல் வைப்பது, விமானத்தின் அருகே யார் வருகிறார்கள் என்று பதிவேட்டில் குறிப்பது, கிளம்பும் முன் விமானத்துக்குள் தேடுவது.

அந்தத் தேடலைக் கொஞ்சம் சொல்கிறேன். இரவு நிறுத்தி வைத்த விமானம். விடியற்காலை மூன்றரை மணி, உள்ளே ஏ.சி. ஓடாது, வியர்த்துக் கொட்டும். டார்ச்சோடு கடைசி வரிசையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒவ்வொரு சீட்டுக்கு அடியிலும் லைஃப் ஜாக்கெட் பையைத் தொட்டுப் பார்க்க வேண்டும், சீட்டுப் பைக்குள் கையை விட வேண்டும், மேலே தட்டைத் திறந்து பார்க்க வேண்டும், டாய்லெட் குப்பைத் தொட்டியைத் தூக்கிப் பார்க்க வேண்டும். நூற்றெண்பது சீட்டு. எனக்கு நூறாவது சீட்டுக்கு மேல் கை மட்டும்தான் போகும், மனது போகாது. ஆறாவது நாள் நைட் ஷிப்ட் என்றால் நாற்பதாவது சீட்டிலேயே அந்த நிலை வந்துவிடும். கடைசியில் படிவத்தில் கையெழுத்து போடுவோம். தூக்கம் எத்தனை மணி நேரம் என்று கேட்கும் கட்டம் அந்தப் படிவத்தில் கிடையாது.

ஒரு தடவை சோதித்தார்களே, விமான வாசலில் மறுபடி எதற்கு?

அதற்கு லேடர் பாயின்ட் செக் என்று பெயர். அதைச் செய்வது விமான நிறுவன ஆட்கள். குடியரசு தினம், சுதந்திர தினம் மாதிரி எச்சரிக்கை நாட்களில் பார்த்திருப்பீர்கள். 2025 மே மாதம் இந்தியா–பாகிஸ்தான் மோதல் நடந்தபோது எல்லா விமானங்களுக்கும் எல்லாப் பயணிகளுக்கும் இது கட்டாயம் என்று பி.சி.ஏ.எஸ். உத்தரவு போட்டது. உத்தரவு போட ஒரு ராத்திரி போதும். அதற்கு வேண்டிய ஆளை ஒரே ராத்திரியில் எங்கிருந்து கொண்டு வருவது? இருக்கிறவர்களுக்கே டபுள் ஷிப்ட் விழும்.

டிக்கெட்டில் பாதுகாப்புக் கட்டணம் வாங்குகிறார்களே, அது இவர்களுக்குத்தானே போகிறது?

போகவில்லை. உள்நாட்டு டிக்கெட்டில் 200 ரூபாயும் வெளிநாட்டு டிக்கெட்டில் 12 டாலரும் என 2021 ஏப்ரல் முதல் வாங்கப்படுகிற கட்டணம் அது. விமான நிறுவனம் அதை வசூல் செய்து கொடுக்கிறது, அவ்வளவுதான். பணம் அதற்கென்றே உள்ள அறக்கட்டளைக்குப் போய் சி.ஐ.எஸ்.எஃப். செலவுக்கு ஆகிறது. விமான நிறுவனம் தன் சொந்தப் பாதுகாப்பு ஆட்களுக்குக் கொடுக்கும் சம்பளம் அதன் சொந்தச் செலவு. எரிபொருள் விலையைக் குறைக்க முடியாது, விமான வாடகையைக் குறைக்க முடியாது. வேறு எதைக் குறைப்பார்கள் என்று நீங்களே யோசித்துக் கொள்ளலாம்.

யாரோ ஒருவர் ஏறவில்லை என்று எங்கள் எல்லாரையும் ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். நியாயமா?

நியாயம்தான். அவர் போட்ட பெட்டியைத் தேடி இறக்கியிருப்பார்கள். ஆள் இல்லாத பெட்டி பறக்கக் கூடாது.

இந்த விதியின் அருமை சென்னைக்காரர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1984 ஆகஸ்ட் 2 இரவு, மீனம்பாக்கம். கொழும்பு போகிற ஏர் லங்கா விமானத்துக்கு ஒருவர் பெட்டிகளைப் போட்டார், ஆனால் ஏறவில்லை. பெட்டிகளும் ஏறவில்லை, முனையத்திலேயே தங்கிவிட்டன. பதினோரு மணிக்குச் சற்று முன்னால் வெடித்தது. 30க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பாதிக்கு மேல் இலங்கைக்காரர்கள். பெட்டிக்கு உரியவர் விமானத்தில் இல்லை என்பதையே அபாய மணியாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அன்றே உலகம் கற்றிருக்கலாம். கற்கவில்லை. பதினோரு மாதம்கூட ஆகவில்லை, ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் விழுந்தது.

கனிஷ்கா விபத்து ஏர் இந்தியாவின் தவறா?

விபத்து இல்லை, குண்டு. 1985 ஜூன் 23 அன்று அயர்லாந்துக் கடற்கரைக்கு அப்பால், 329 பேர். குண்டு வைத்தவன்தான் குற்றவாளி, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அந்தக் குண்டு எத்தனை பேர் கையைத் தாண்டிப் போனது என்பதைப் பார்த்தால், என் மாதிரி வேலை பார்த்தவனுக்கு வயிற்றைப் பிசையும்.

முதல் கை வான்கூவரில். கனடியன் பசிபிக் நிறுவனத்தின் கவுன்ட்டரில் இருந்த பெண் ஊழியர். எம். சிங் என்ற பெயரில் வந்தவருக்கு டொரன்டோ வரைதான் உறுதியான சீட். அங்கிருந்து டெல்லி போகும் ஏர் இந்தியாவில் காத்திருப்போர் பட்டியல். பெட்டியை நேராக ஏர் இந்தியாவுக்கு டேக் போடு என்கிறார் அவர். முடியாது என்கிறார் ஊழியர். அவர் விடவில்லை, வாதாடுகிறார். பின்னால் வரிசை நீண்டு நிற்கிறது. கடைசியில் டேக் போட்டுக் கொடுத்துவிட்டார். ஆள் ஏறவில்லை, பெட்டி ஏறியது.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். 'முடியாது' என்று சொல்வது பாதுகாப்பு விதி. வரிசையை வேகமாக நகர்த்துவது நிறுவனத்தின் எதிர்பார்ப்பு. இரண்டும் மோதும்போது மேலதிகாரி எந்தப் பக்கம் நிற்பார் என்பது எல்லா ஊழியருக்கும் முன்கூட்டியே தெரியும்.

இரண்டாவது கை டொரன்டோவில். அங்கே ஏர் இந்தியா தன் பெட்டிகளைச் சோதிக்க எக்ஸ்-ரே இயந்திரம் வைத்திருந்தது. அன்று மாலை அது நடுவில் பழுதாகிவிட்டது. மிச்சப் பெட்டிகளைச் சோதிக்க ஒப்பந்தக் காவலாளிகளிடம் கையடக்க மோப்பக் கருவி ஒன்றைக் கொடுத்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த பயிற்சி என்ன தெரியுமா? ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி அருகில் காட்டினார்கள், கருவி கத்தியது. குண்டு இருந்தால் இப்படிக் கத்தும், அவ்வளவுதான். ஒரு பெட்டியின் ஜிப் அருகே கருவி லேசாகச் சத்தம் போட்டது. தீக்குச்சிக்குக் கத்திய அளவு கத்தவில்லையே என்று அனுப்பிவிட்டார்கள். மோப்ப நாய்களும் அன்று டொரன்டோவில் இல்லை, பயிற்சிக்காக வான்கூவர் போயிருந்தன.

மூன்றாவது கை மான்ட்ரியல் பக்கம் மிராபெலில். சந்தேகப்பட்டு மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார்கள். நாய் வந்து பார்ப்பதற்குள் விமானத்தை அனுப்பிவிட்டார்கள். அந்த மூன்றிலும் ஒன்றுமில்லை. இருந்த பெட்டி உள்ளே போய்விட்டது.

அதே நாள் டோக்கியோ நரிட்டாவில் இன்னொரு பெட்டி வெடித்தது. அதுவும் ஏர் இந்தியாவுக்கு மாற வேண்டிய பெட்டி. இறந்தவர்கள் இரண்டு பேர், இருவரும் பெட்டி தூக்குகிற தொழிலாளிகள். இந்த இரண்டு பேரைப் பற்றி எங்கேயும் அதிகம் பேச மாட்டார்கள்.

கனடாவின் விசாரணைக் கமிஷன் அறிக்கை 2010இல்தான் வந்தது, சம்பவம் நடந்து இருபத்தைந்து வருடம் கழித்து. உளவுத் துறை, போலீஸ், விமான நிறுவனம் என்று யாரையும் அது விடவில்லை.

எக்ஸ்-ரே பார்ப்பவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கிற மாதிரி தெரிகிறதே?

உட்கார்ந்து பாருங்கள், தெரியும். ஆரஞ்சு, பச்சை, நீலம் என்று படங்கள் ஓடிக்கொண்டே இருக்கும். கொஞ்ச நேரத்தில் கண் பார்க்கும், மூளை பார்க்காது. அதனால்தான் ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி ஒருவர் தொடர்ந்து 20 நிமிடத்துக்கு மேல் திரையைப் பார்க்கக் கூடாது. ஆள் மாற வேண்டும். இன்னொரு ஏற்பாடும் உண்டு. இயந்திரமே திடீரென்று ஒரு பொய்த் துப்பாக்கியையோ பொய்க் குண்டையோ உண்மையான பெட்டியின் படத்தில் ஒட்டிக் காட்டும். கண்டுபிடித்து பட்டனை அழுத்தினால் பாஸ், விட்டால் பெயரில் குறிக்கப்படும்.

இதெல்லாம் ஆள் இருந்தால் நடக்கும். மாற்றிவிட ஆள் இல்லாத ஷிப்டில் 20 நிமிடம் நாற்பதாகும். இது ரகசியம் ஒன்றும் இல்லை, எந்த நாட்டில் எந்த ஸ்கிரீனரைக் கேட்டாலும் சொல்வார்.

ஊழியர்களையும் சோதிக்கிறார்களா, இல்லை கார்டைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்களா?

சோதிக்கிறார்கள். பைலட், ஏர்ஹோஸ்டஸ் உட்பட எல்லாரும் வரிசையில் நின்று கைப்பையைப் போட வேண்டும். கார்டு வாங்குவதற்கே போலீஸ் விசாரணை உண்டு. எந்தெந்தப் பகுதிக்குப் போகலாம் என்று கார்டிலேயே எழுத்துகள் இருக்கும். அதைத் தாண்டினால் மாட்டிக்கொள்வீர்கள்.

ஆனாலும் ஓட்டை விழும். 2024 ஜூன் மாதம் சென்னையில் வெளிவந்த விவகாரம் இதற்கு உதாரணம். சர்வதேச முனையத்துக்குள் ஒரு நினைவுப் பொருள் கடை. வேறு நாட்டுக்கு மாறிப் போகிற பயணிகள் தங்கத்தைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். கடை ஆட்கள் அதை உடலுக்குள் மறைத்து வெளியே கொண்டுபோவார்கள். இரண்டே மாதத்தில் 267 கிலோ தங்கம், மதிப்பு 167 கோடி ரூபாய் என்று சுங்கத் துறை சொன்னது. அந்தக் கடை ஆட்களின் கழுத்தில் தொங்கியது முறைப்படி வழங்கப்பட்ட கார்டு. தங்கம் போகிற வழியில் வேறு எதுவும் போகும். குறைந்த சம்பளக்காரரை விலைக்கு வாங்குவது எளிது என்பது கடத்தல்காரனுக்குத் தெரிந்த கணக்கு. நிறுவனங்கள்தான் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

வேலையை விட்டுத் தூக்கினால் ஊழியர் பழிவாங்க மாட்டாரா?

நூறில் தொண்ணூற்றொன்பது பேர் வேறு வேலை தேடப் போவார்கள். அந்த ஒருவரைப் பற்றித்தான் விதிகள் எழுதப்பட்டன.

1987 டிசம்பர் 7, அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ போன பி.எஸ்.ஏ. 1771. அந்த நிறுவனத்தை யூ.எஸ். ஏர் வாங்கியிருந்தது. விமானத்தில் விற்ற மதுப் பணத்தில் 69 டாலர் திருடினார் என்று ஒரு ஊழியரை யூ.எஸ். ஏர் வேலைநீக்கம் செய்தது. கருணை காட்டும்படி மேலாளரிடம் கேட்டார், கிடைக்கவில்லை. அந்த மேலாளர் வழக்கமாக வீட்டுக்குப் போகும் விமானத்தில் துப்பாக்கியோடு ஏறினார். அவரிடமிருந்து அடையாள அட்டையை யாரும் திரும்ப வாங்கியிருக்கவில்லை, ஊழியர் என்பதால் சோதனையும் இல்லை. மேலாளரையும் விமானிகளையும் சுட்டார். விமானத்தில் இருந்த 43 பேரும் போனார்கள். ஊழியர்களையும் சோதிக்க வேண்டும், வேலையை விட்டு நீக்கிய கையோடு அட்டையைப் பிடுங்கிக்கொள்ள வேண்டும் என்ற விதிகள் இதற்குப் பிறகுதான்.

அட்டையைப் பிடுங்குவது சரிதான். 2018 ஆகஸ்டில் சியாட்டிலில் ஹொரைசன் ஏர் நிறுவனத்தின் தரைப்பணியாளர் ஒருவர் காலி விமானத்தை ஒற்றையாளாக ஓட்டிக்கொண்டு போய் ஒரு தீவில் மோதி இறந்தார். அவர் அட்டை செல்லுபடியான அட்டை, அன்று அவருக்கு ஷிப்ட். கட்டுப்பாட்டு அறையோடு பேசும்போது பாதி விளையாட்டாகக் குறைந்தபட்சக் கூலியைக் காரணமாகச் சொன்னார். அது மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பக்கத்தில் வேலை பார்த்தவர்கள் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. ஷிப்ட் முடிந்தால் ஓடு, அடுத்த விமானம் வந்தால் ஓடு என்றிருக்கிற இடத்தில் பக்கத்து ஆளின் முகத்தை யார் பார்ப்பார்கள்?

விமானிக்கு மனநிலை சரியில்லை என்றால் நிறுவனத்துக்குத் தெரியாமல் போகுமா?

போகும். 2015 மார்ச் 24, ஜெர்மன்விங்ஸ். துணை விமானி, விமானியை வெளியே விட்டுக் கதவைப் பூட்டி ஆல்ப்ஸ் மலையில் மோதினார், 150 பேர். மருத்துவர் கொடுத்த விடுப்புச் சீட்டு அவர் வீட்டில் கிழிந்து கிடந்தது, நிறுவனத்திடம் கொடுக்கவே இல்லை. கடத்தல்காரன் உள்ளே வரக் கூடாது என்று 2001க்குப் பிறகு வலுப்படுத்தப்பட்ட அதே கதவுதான் விமானியை வெளியே நிறுத்தியது.

மருத்துவரிடம் போனால் லைசென்ஸ் போய்விடும் என்று பயப்படுகிறவர் போக மாட்டார், போனாலும் சொல்ல மாட்டார். அதனால் ஐரோப்பாவில் சக விமானிகளிடம் மனம்விட்டுப் பேசும் ஏற்பாட்டை நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்கினார்கள். டி.ஜி.சி.ஏ.வும் 2023இல் இதே போன்ற சுற்றறிக்கை விட்டது. நம்மூரில் எத்தனை விமானிகள் நம்பிப் பேசுவார்கள்? எனக்கு அவநம்பிக்கைதான்.

2025 டிசம்பரில் இண்டிகோ ஏன் அப்படிச் சரிந்தது?

விமானிகளுக்குக் கூடுதல் ஓய்வு கொடுக்கச் சொன்னதால். வாராந்தர ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆக வேண்டும், இரவில் ஆறு தரையிறக்கம் வரை அனுமதித்தது இரண்டாகக் குறைய வேண்டும் என்று டி.ஜி.சி.ஏ. விதி மாற்றியது. 2024 ஜனவரியிலேயே அறிவித்த விதி. நிறுவனங்கள் எதிர்ப்புத் தெரிவித்ததில் தள்ளிப்போய் 2025 ஜூலையில் பாதி, நவம்பரில் மீதி நடைமுறைக்கு வந்தது. ஏறத்தாழ இரண்டு வருட அவகாசம். நாட்டின் மிகப் பெரிய நிறுவனம் அதற்குத் தேவையான விமானிகளைச் சேர்த்து வைக்கவில்லை. டிசம்பர் முதல் வாரத்தில் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. டிசம்பர் 5 ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேல்.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். விதியிலிருந்து அந்த நிறுவனத்துக்குத் தற்காலிக விலக்கு கொடுத்தார்கள். பயணிகள் தவிக்கும்போது வேறு வழியில்லை என்றார்கள், சரி. ஆனால் கவுன்ட்டரில் நின்று திட்டு வாங்கியவர்கள் ரோஸ்டர் போட்டவர்கள் இல்லை. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பிள்ளைகள். அவர்களுக்குத் தெரிந்த தகவல் உங்கள் கைப்பேசியில் இருந்ததைவிடக் குறைவு.

ஏர் இந்தியாவுக்கும் இதில் பழைய கணக்கு உண்டு. விமானிகளின் பணி நேர விதிகளை மீறியதற்காக 2024 மார்ச்சில் 80 லட்சம் ரூபாய் அபராதம்.

ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் எல்லாரும் ஒரே நாளில் உடம்பு சரியில்லை என்றார்களே, அது ஏமாற்று இல்லையா?

2024 மே மாதம். நூற்றுக்கணக்கான கேபின் குரூ கடைசி நேரத்தில் சிக் லீவ் போட்டார்கள், நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் ரத்து. வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் மாட்டிக்கொண்டார்கள், விசா தேதி தவறுகிற பதற்றம். அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. நிறுவனம் சுமார் 25 பேரை நீக்கியது. தலைமைத் தொழிலாளர் ஆணையர் முன் பேச்சு நடந்ததும் அவர்களை மீண்டும் சேர்த்துக்கொண்டது.

ஏமாற்றா என்றால், எல்லாருக்கும் ஒரே ராத்திரியில் காய்ச்சல் வரவில்லை, வெளிப்படையாகச் சொல்லலாம். வேலைநிறுத்த நோட்டீஸ் கொடுத்திருந்தால் முதல் கையெழுத்துப் போட்டவரின் வேலை போயிருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பயணி ஊழியரை அடித்தால் என்ன தண்டனை?

2017 மார்ச்சில் சிவசேனா எம்.பி. ஒருவர் ஏர் இந்தியா அதிகாரியைச் செருப்பால் அடித்தார், இருபத்தைந்து முறை அடித்ததாக அவரே டி.வி.யில் சொன்னார். அதற்குப் பிறகு பறக்கத் தடைப் பட்டியல் வந்தது. வாய்த் தகராறுக்கு மூன்று மாதம் வரை, கை வைத்தால் ஆறு மாதம் வரை, உயிருக்கு ஆபத்தாக நடந்தால் குறைந்தது இரண்டு வருடம்.

2024 ஜனவரியில் டெல்லியில் பனிமூட்டத்தால் பல மணி நேரத் தாமதம். பழைய விமானிகளின் பணி நேரம் முடிந்து புதிதாக வந்த விமானி அறிவிப்பு செய்துகொண்டிருந்தார், ஒருவர் எழுந்து போய் அவரை அடித்தார். அந்த வீடியோவைப் பார்க்காதவர்கள் குறைவு. அடி வாங்கியவர் தாமதத்துக்குக் காரணமே இல்லாதவர், தாமதத்தை முடித்து வைக்க வந்தவர்.

2022 நவம்பரில் நியூயார்க்–டெல்லி ஏர் இந்தியாவில் ஒரு பயணி மூத்த பெண்மணி மீது சிறுநீர் கழித்த சம்பவமும் உண்டு. விமானத்தில் அந்தப் பெண்மணியை ஊழியர்கள் நடத்திய விதம் சரியில்லை, மறுக்க முடியாது. செய்தி வெளியே வந்தபோது ஒரு விமானியையும் நான்கு கேபின் ஊழியர்களையும் பணியிலிருந்து விலக்கி வைத்தார்கள். டி.ஜி.சி.ஏ. நிறுவனத்துக்கு 30 லட்சம் அபராதமும், தலைமை விமானிக்கு மூன்று மாத லைசென்ஸ் தடையும் விதித்தது. நிறுவனம் ஒரு மாதத்துக்கு மேல் புகாரை மேலே அனுப்பாமல் வைத்திருந்தது.

ஏர்ஹோஸ்டஸ் கல்யாணம் செய்தால் வேலை போய்விடுமா?

இப்போது இல்லை. ஒரு காலத்தில் ஏர் இந்தியாவில் 35 வயதில் ஓய்வு, சேர்ந்து நான்கு வருடத்துக்குள் கல்யாணம் என்றால் வேலை காலி, முதல் கர்ப்பத்தோடும் காலி. 1981இல் உச்ச நீதிமன்றம் கர்ப்ப விதியைத் தூக்கியெறிந்தது. நான்கு வருடக் கல்யாணத் தடையை ஏற்றுக்கொண்டது. எங்கள் அம்மாக்கள் காலத்துச் சட்டம் இது, ரொம்பப் பழைய கதை இல்லை.

வெடிகுண்டு மிரட்டல் வந்தால் உள்ளே என்ன நடக்கும்?

ஒரு குழு கூடும். மிரட்டலில் விமான எண், நேரம், இடம் என்று குறிப்பு இருக்கிறதா, சும்மா மொட்டையாக இருக்கிறதா என்று பிரித்துப் பார்த்து முடிவெடுப்பார்கள். 2024 அக்டோபரில் நூற்றுக்கணக்கான பொய் மிரட்டல்கள் சமூக ஊடகத்தில் வந்தன. டெல்லியிலிருந்து சிகாகோ போன ஏர் இந்தியா விமானம் கனடாவின் வடகோடியில் இக்காலுயிட் என்ற ஊரில் இறங்கியது. பயணிகளை அங்கிருந்து கனடா விமானப் படை விமானத்தில் கொண்டுபோனார்கள். அதன் பிறகு விதியை மாற்றி ஒரு கோடி ரூபாய் வரை அபராதம் என்றார்கள்.

நிறுவனம் மூழ்கினால் பாதுகாப்பும் மூழ்குமா?

ஜெட் ஏர்வேஸைப் பாருங்கள். 2019 ஏப்ரல் 17 அன்று கடைசி விமானம். அதற்கு ஒரு மாதம் முன்பே அதன் பராமரிப்பு எஞ்சினியர்கள் சங்கம் டி.ஜி.சி.ஏ.வுக்குக் கடிதம் எழுதியது: மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை, மன உளைச்சலில் வேலை செய்கிறோம், இது பாதுகாப்பைப் பாதிக்கும் என்று. வாடகை கொடுக்க முடியாதவர், பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட முடியாதவர், ராத்திரி எஞ்சினைத் திறந்து பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார். முதலில் சொன்னேனே, தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் என்று. அந்தக் கடிதம் எந்தத் துறைக்குப் போக வேண்டிய கடிதம்?

உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் ஜெட்டைக் கலைத்துச் சொத்துகளை விற்க உத்தரவிட்டது.

சபரிமலைக்குப் போகிறேன். இருமுடியில் தேங்காய் இருக்கிறது. விடுவார்களா?

எண்ணெய்ப் பசை அதிகமுள்ளதால் தீப்பிடிக்கும் என்று தேங்காய் விஷயத்தில் கட்டுப்பாடு உண்டு, முக்கியமாகக் கொப்பரையில். 2024 அக்டோபரில் பி.சி.ஏ.எஸ். அந்த சீசனுக்கு, 2025 ஜனவரி 20 வரை, இருமுடித் தேங்காயைக் கையோடு கொண்டுபோக அனுமதி கொடுத்தது, எக்ஸ்-ரே, வெடிமருந்துச் சோதனை, கையால் சோதனை எல்லாம் முடித்து. ஒவ்வொரு சீசனும் கிளம்பும் முன் உங்கள் விமான நிறுவனத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கவுன்ட்டரில் கொஞ்சம் கெஞ்சினால் விட்டுவிடுவார்கள் என்கிறார்களே?

சில சமயம் விடுவார்கள். எடை இரண்டு கிலோ கூட என்றால் நானே விட்டிருக்கிறேன்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். எனக்குப் பக்கத்துக் கவுன்ட்டரில் ஒரு பெண், சேர்ந்து நான்கு மாதம். ஒருவர் தன் பெட்டியோடு, வெளியே வண்டி நிறுத்தப் போயிருக்கும் நண்பரின் பெட்டியையும் சேர்த்துப் போடச் சொன்னார். ஆள் வரட்டும் சார் என்றாள். அவர் குரலை உயர்த்தினார். பின்னால் நாற்பது பேர் வரிசை. அவள் அசையவில்லை. மேனேஜர் வந்தார், அவர் பெயரைக் கேட்டார், அடிக்கடி பறப்பவர் என்று கணினியில் பார்த்தார், சிரித்தபடி தானே இரண்டு பெட்டிக்கும் டேக் போட்டு அனுப்பி வைத்தார். நண்பர் பிறகு வந்து ஏறினார், பெட்டியில் ஒன்றுமில்லை. மறுநாள் அவளுக்கு ஒரு மெமோ வந்தது: பயணியிடம் கனிவாக நடந்துகொள்ளவில்லை, மூன்று நாளைக்குள் விளக்கம் தரவும்.

விளக்கம் எழுத உட்கார்ந்தபோது என்னிடம் கேட்டாள், "அண்ணா, விதி எண் போட்டு எழுதலாமா, இல்லை மன்னிப்புக் கேட்டு எழுதலாமா?" மன்னிப்புக் கேட்டு எழுதச் சொன்னேன்.